ரேஸ் விட்டு மாட்டினால் அபராதத்தோடு முடிந்துவிடுமா? லைசென்ஸ், வேலை, இன்ஷூரன்ஸ்... சட்டம் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. அவிநாசி சாலையில் பால் வண்டிகளும் விமான நிலையம் போகும் ஒன்றிரண்டு டாக்ஸிகளும் மட்டும்தான். அந்த நேரத்தில் கோல்டுவின்ஸ் பக்கம் நான்கைந்து பைக்குகள் வந்து நிற்கும். ஹெல்மெட்டில் கேமரா. "டேய், உப்பிலிபாளையம் வரைக்கும் யார் ஃபர்ஸ்ட்னு பாத்தர்லாமா?" என்று ஒருவர் கேட்பார். அவ்வளவுதான் ஆரம்பம். பணம் கட்டவில்லை, கோப்பை இல்லை, கொடி அசைக்க ஆளும் இல்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது ஏற்கெனவே 'ரேஸ்' ஆகிவிட்டது.

2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் ஜி.டி.நாயுடு மேம்பாலம், ஈச்சனாரியைத் தாண்டி விரியும் பொள்ளாச்சி சாலை, நீலாம்பூர் - மதுக்கரை பைபாஸ், பெருந்துறை பக்கம் சேலம் - கொச்சி நெடுஞ்சாலை என்று கொங்கு மண்டலத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திருகத் தோன்றும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்கும் கேள்வியும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "ஏனுங்க சார், ஃபைன் கட்டிட்டா விட்ருவீங்களா?"

இந்தக் கேள்விக்குப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கும் பதில் தவறானது.

எது ரேஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 189-வது பிரிவுதான் இதற்கான நேரடிப் பிரிவு. மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல், பொது இடத்தில் மோட்டார் வாகனங்களுக்கு இடையே எந்த வகையான பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ கலந்துகொண்டாலும் குற்றம். அதற்கு அனுமதித்தாலும் குற்றம். 'எந்த வகையான' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். பரிசு இருந்ததா, டைம் வைத்தார்களா, முன்கூட்டியே பேசிவைத்தார்களா என்பதெல்லாம் இந்தப் பிரிவில் நிபந்தனையாக இல்லை.

'பொது இடம்' என்பதற்கும் சட்டத்தில் விளக்கம் உண்டு. பொதுமக்கள் உரிமையோடு சென்று வரக்கூடிய சாலை, தெரு, பாதை அல்லது வேறு எந்த இடமும் பொது இடம்தான். அது பிரதான வழித்தடமாக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. 'சிட்கோ பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆளே இருக்க மாட்டாங்க, அங்க விட்டா என்ன?' என்ற வாதம் அதனால் நிற்காது. ஆள் இல்லாத பொது இடமும் பொது இடமே.

தண்டனை எவ்வளவு? 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதல் முறை என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன்பு, ஒரு மாதம் வரை சிறையும் 500 ரூபாய் அபராதமும்தான் இருந்தது. 'ரேஸ் கேஸ்னா ஐந்நூறு ரூபாய்தான்' என்று இன்னமும் சொல்லும் சீனியர் அண்ணன்கள் அந்தக் காலத்தில்தான் இருக்கிறார்கள்.

தனியாக ஒருவர் மட்டும் வேகமாகப் போனால் அது 189-ல் வராது, ஏனென்றால் போட்டிக்கு இன்னொரு வண்டி வேண்டும். அதற்காகத் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அங்கே வருவது 184, ஆபத்தான வகையில் வாகனம் ஓட்டுதல். உண்மையில் அதுதான் கடுமையானது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் அதே தவறைத் திரும்பச் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம். வீலிங் என்று தனியாக ஒரு பிரிவு இந்தச் சட்டத்தில் கிடையாது. அதற்கும் இந்த 184-தான் பெரும்பாலும் போடப்படுகிறது. சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி தன் கண்ணெதிரே 184 குற்றம் நடந்தால் வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யலாம் என்று 202-வது பிரிவு சொல்கிறது.

அபராதம் கட்டினால் முடிந்ததா?

சட்டத்தில் 200-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சில குற்றங்களுக்கு கோர்ட்டுக்குப் போகாமல், அரசு நிர்ணயித்த தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளலாம். ஸ்பாட் ஃபைன், இ-சலான் எல்லாம் இந்தப் பிரிவின் வழியில் வருபவை. 189, அதாவது ரேஸ், இந்தப் பட்டியலில் இருக்கிறது. 184 இல்லை, ஓட்டும்போது செல்போன் பயன்படுத்தியதற்கு மட்டும்தான் அதில் விலக்கு. இரண்டு பேர் பந்தயம் விட்டால் பணம் கட்டி முடிக்கலாம், ஒருவர் தனியாக ஆபத்தாக ஓட்டினால் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பது சட்டத்தின் ஒரு விசித்திரம்தான். நடைமுறையில், ரேஸ் விட்டவர்கள் மீது 184-ஐயும் சேர்த்தே போட்டுவிட முடியும் என்பதால் இந்த ஓட்டை பெரிதாக யாருக்கும் உதவுவதில்லை.

பலருக்கும் தெரியாத விஷயம் இனிமேல்தான். பணம் கட்டினாலும் லைசென்ஸ் நடவடிக்கையிலிருந்து விடுதலை இல்லை என்று அதே 200-வது பிரிவிலேயே 2019-ல் ஒரு வரி சேர்க்கப்பட்டது. அந்த நடவடிக்கை எது என்று தேடினால் 206-வது பிரிவின் நான்காம் உட்பிரிவுக்குப் போக வேண்டும். அதிவேகம் (183), ஆபத்தான ஓட்டுதல் (184), குடித்துவிட்டு ஓட்டுதல் (185), ரேஸ் (189) போன்ற குற்றங்களைச் செய்ததாக நம்பக் காரணம் இருந்தால், போலீஸ் அதிகாரி லைசென்ஸைப் பறிமுதல் செய்து உரிமம் வழங்கும் அதிகாரிக்கு, அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே விளக்கம் கேட்கப்படும். விளக்கம் திருப்தி தரவில்லை என்றால், முதல் முறைக்கு மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். இரண்டாவது முறை என்றால் லைசென்ஸே ரத்து. ரத்தானவர்களின் பெயரைப் பொதுவெளியில் வெளியிடவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

கோர்ட் வழி தனி. 189-ல் தண்டனை பெற்றவரின் லைசென்ஸை இரண்டு ஆண்டு வரை தகுதி நீக்கம் செய்ய நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்று 20-வது பிரிவு சொல்கிறது. 'செய்யலாம்' என்று அங்கே இல்லை. சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால்தான் நீதிபதி அதைத் தவிர்க்க முடியும். முடக்கப்பட்ட காலத்தில் வண்டியை எடுத்தால், 182-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் காத்திருக்கிறது. ஸ்விக்கி, ஜொமேட்டோ, ராபிடோ ஓட்டுகிறவர்களுக்கும், சரவணம்பட்டியில் நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வீடு திரும்புகிறவர்களுக்கும் மூன்று மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

காரமடை பக்கத்திலிருந்து காஞ்சிபுரம் வரை

இந்தப் பிரிவுகள் எல்லாம் ஒரே மனிதர் மீது எப்படிப் பாயும் என்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், கோவை மாவட்டத்தைச் சேர்ந்த யூடியூபர் டிடிஎஃப் வாசன். அவர் மீதான வழக்குகள் ரேஸ் வழக்குகள் அல்ல. ஆனால் வேகம், சாகசம், வீடியோ மூன்றும் சேர்ந்தால் சட்டம் எங்கே வரை போகும் என்பதைக் காட்டியவை.

2022 செப்டம்பரில் ஜி.பி.முத்துவைப் பின்னால் உட்காரவைத்து, கோவை - பாலக்காடு சாலையில் அதிவேகமாக ஓட்டிய வீடியோ வெளியானது. முத்துவின் தலையில் ஹெல்மெட் இல்லை. போத்தனூர் போலீஸார் இ.பி.கோ. 279, மோட்டார் வாகனச் சட்டம் 184 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிந்தார்கள். மதுக்கரை நீதிமன்றத்தில் ஆஜராகி ஜாமீன் பெற்றார். அங்கே சாட்சி யார் என்று யோசித்துப் பாருங்கள். அவரே போட்ட வீடியோதான்.

ஓர் ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று, சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில் விபத்து. வீலிங் செய்தபோது பைக் கவிழ்ந்தது என்பது போலீஸ் தரப்பு. மாடுகள் குறுக்கே வந்ததால் பிரேக் பிடித்தேன், அதனால் நடந்தது என்பது அவர் தரப்பு. பாலுசெட்டிசத்திரம் போலீஸார் செப்டம்பர் 19 அன்று கைது செய்தார்கள். இந்த முறை வழக்கில் இ.பி.கோ. 308-ம் இருந்தது. அதாவது, மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கான முயற்சி. அது ஜாமீனில் வர முடியாத பிரிவு.

வித்தியாசம் இங்கேதான். 279-ம் 184-ம் மட்டும் இருந்தால் அன்றைக்கே ஜாமீன் கிடைத்துவிடும். 308 சேர்ந்ததும் கீழ் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்தது. பைக்கை எரித்துவிட வேண்டும், யூடியூப் சேனலை மூடிவிட வேண்டும் என்கிற அளவுக்கு நீதிபதி சி.வி.கார்த்திகேயன் கடுமையாகக் கண்டித்தது அப்போது ட்ரெண்டிங். நவம்பர் 1 அன்றுதான் ஜாமீன் கிடைத்தது. மூன்று வாரம் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்து போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாற்பது நாளுக்கும் மேல் புழல் சிறை. வேறு யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லாத ஒரு விபத்துக்கு.

அதற்கிடையே காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அவருடைய லைசென்ஸைப் பத்து ஆண்டுகளுக்கு முடக்கினார். 2033 அக்டோபர் வரை. வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முன்பே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆர்.டி.ஓ.வின் அதிகாரம் கோர்ட் தண்டனையை எதிர்பார்த்து நிற்பதில்லை. 2024 மே மாதம், செல்போனில் பேசியபடி கார் ஓட்டிய வீடியோவுக்காக மதுரை அண்ணா நகர் போலீஸார் அவரை மறுபடியும் கைது செய்தார்கள். அப்போதும் 308 போடப்பட்டது. மறுநாள் ஜாமீன் கிடைத்தது.

308 போடுவது அதிகப்படி என்று வாதிடும் வழக்கறிஞர்கள் உண்டு, அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. அலட்சியம் வேறு, உயிர் போகும் என்று தெரிந்தே செய்வது வேறு. ஆனால் அந்த வாதம் ஜெயிக்கும் வரை உள்ளே இருக்க வேண்டியவர் வண்டி ஓட்டியவர்தான்.

இப்போது என்னென்ன பிரிவுகள்?

2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறியிருக்கின்றன, விஷயம் பெரிதாக மாறவில்லை. பழைய 279 இப்போது 281: பொதுவழியில் அஜாக்கிரதையாக ஓட்டுதல், ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலோ காயப்படுத்தினாலோ 125. கொடுங்காயம் என்றால் அதே பிரிவில் மூன்று ஆண்டு வரை போகும். ரேஸில் யாராவது இறந்துபோனால் 106, ஐந்து ஆண்டு வரை. பழைய 304-ஏ-வில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. வாசன் வழக்கில் பார்த்த 308 இப்போது 110. உயிர் போகும் என்று தெரிந்தே செய்ததாக போலீஸ் கருதினால் 105-க்குப் போவார்கள். அதில் பத்து ஆண்டு வரை சிறை இருக்கிறது.

பைக்கை மாற்றியமைத்திருந்தால் கணக்கு தனியாக ஏறும். அனுமதியில்லாத மாற்றங்களுக்கு உரிமையாளர் மீது 182-ஏ பாயும்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை உக்கடத்திலும் காந்திபுரத்திலும் சைலன்சர் மாற்றிக்கொண்டிருக்கும் தம்பிகள் ஒரு தடவை படித்துக்கொள்வது நல்லது. சத்தத்துக்கும் புகைக்கும் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம்.

நான் ஓட்டவே இல்லையே, வீடியோதான் எடுத்தேன்!

இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. முன்னால் போய் ரோட்டை பிளாக் செய்து கொடுப்பவர், பின்னால் உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பவர், "இன்னும் முறுக்குடா" என்று ஏற்றிவிடுபவர், இவர்கள் நிலை என்ன? 184 குற்றத்துக்குத் தூண்டுதலாகவோ உடந்தையாகவோ இருந்தால், குற்றம் செய்தவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை என்று 188-வது பிரிவு சொல்கிறது. பாதி தண்டனை, கால் தண்டனை எல்லாம் இல்லை.

வண்டியைக் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு. 189-ல் 'அனுமதித்தல்' என்ற சொல் இருப்பதை மேலே பார்த்தோம். யார் ஓட்டினார்கள் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும். 133-வது பிரிவு அதைக் கடமையாக்குகிறது. "ஃப்ரெண்டு எடுத்துட்டுப் போனான், யார்னு தெரியலீங்க" என்பது பதிலாகாது.

வீடியோவை டெலிட் செய்தாலும் யாராவது சேமித்து வைத்திருப்பார்கள். மின்னணு ஆவணத்தை கோர்ட்டில் சாட்சியமாக ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில் சான்றிதழ் ஒன்று வேண்டும். அதைத் தயார் செய்வது இன்றைய சைபர் பிரிவுகளுக்கு மலையைத் தூக்கும் வேலையல்ல. ஸ்பீடோ மீட்டரை க்ளோஸ்-அப்பில் காட்டும் ரீல்ஸைப் போடுவது, வாக்குமூலத்தை மியூசிக் போட்டு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

பதினேழு வயது என்றால் அப்பா அம்மா கதி?

ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என்று தொழில் நடக்கும் ஊர்களில், பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு பைக் வாங்கிக் கொடுப்பது ஒரு அந்தஸ்தாகவே ஆகிவிட்டது. 'கண்ணு கேட்டான், வாங்கிக் குடுத்தோம்' என்பார்கள். 199-ஏ பிரிவு அந்த வீட்டுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கும்.

சிறார் குற்றம் செய்தால், பெற்றோரோ பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்கத் தேவையானதையெல்லாம் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ 25 வயது ஆகும் வரை லைசென்ஸ், ஏன் எல்.எல்.ஆர்.கூட கிடையாது. காலேஜ் முடித்து, வேலைக்குச் சேர்ந்து, மூன்று நான்கு ஆண்டு ஆன பிறகும் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்தபோது, 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது மட்டும்தான் பலருக்கு நினைவிருக்கிறது. அந்த வழக்கில் சிறுவனின் அப்பாவும் கைதானார் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

வண்டி எப்போது திரும்பக் கிடைக்கும்?

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் வண்டி வழக்குச் சொத்து. எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் வேப்ப மரத்தடியில் துருப்பிடித்து, கொடி படர்ந்து நிற்கும் பைக்குகளைப் பார்க்கலாம். அப்படி விடக் கூடாது, சீக்கிரம் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் தானாக வீடு வந்து சேராது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-வது பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட வேண்டும். பழைய சி.ஆர்.பி.சி.யில் இவை 451, 457. பிணைப் பத்திரம், கேட்கும்போது வண்டியைக் கொண்டுவர வேண்டும், விற்கக் கூடாது என்று நிபந்தனைகள் போடுவார்கள். பைக் ஸ்டேஷனில் நின்றாலும் இ.எம்.ஐ. மாதாமாதம் ஐந்தாம் தேதி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இன்ஷூரன்ஸ் காப்பாற்றுமா?

குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடியது இதுதான், ஆனால் யாரும் பேசுவதில்லை. பாலிசி பத்திரத்தின் பின்பக்கப் பொடி எழுத்தில், ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பாலிசி பொருந்தாது என்று இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ வண்டி ஓடியது என்று காட்டி, மூன்றாம் நபர் இழப்பீட்டு வழக்கிலேயே கம்பெனி எதிர்வாதம் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவு இடம் தருகிறது. அடிபட்டவருக்கு முதலில் கம்பெனியே கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. அப்படி வந்தால் அந்த லட்சங்கள் அப்பாவின் பெயரில் இருக்கும் வண்டியின் வழியாக அப்பாவின் தலையில்தான் விழும்.

ஓட்டியவரே இறந்துபோனால்? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முன்பு ஒரு வழக்கு வந்தது. கர்நாடகத்தில் 2014-ல் அதிவேகமாகக் கார் ஓட்டி, கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் 80 லட்சம் ரூபாய் கேட்டிருந்தது. விபத்துக்கு அவரே காரணம், தன் தவறுக்குத் தானே இழப்பீடு கேட்க முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்திருந்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு விஷயம், அதற்கு அந்தப் பாலிசியின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் எதிரே வேறு வண்டியே இல்லாமல், தன் வேகத்தால் தானே விழுந்தவரின் குடும்பத்துக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் கதவு ஏறக்குறைய மூடிய கதவுதான்.

வேலை, பாஸ்போர்ட்?

இ-சலான் கட்டுவதும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் ஒன்று என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. முதலாவது சமரசத் தொகை. இரண்டாவது தண்டனை. 281 வழக்கில் "ஆமாங்க ஐயா, தப்புதான்" என்று சொல்லி ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு, 'கேஸ் முடிஞ்சுது' என்று வெளியே வருகிறவர், சட்டப்படி தண்டனை பெற்றவராகத்தான் வருகிறார். நாளைக்கு ஒரு கம்பெனியின் படிவத்திலோ விசா விண்ணப்பத்திலோ 'எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?' என்று கேட்டால், உண்மையான பதில் 'ஆம்'. மறைத்தால் அது தனிப் பிரச்சினை.

அரசு வேலைக் கனவோடு இருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்று தமிழ்நாடு காவல் பணி விதிகள் சொல்கின்றன. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையானாலும், சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். தினமும் காலையில் மைதானத்தில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன் ஒரு நாள் நண்பனின் பைக்கில் ஏறியதால் எல்லாம் போகலாம்.

பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவில், இந்திய நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்க இடமிருக்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் நிலுவை வழக்கு ஆகாது, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. எடுத்துவிட்டால், அந்த நீதிமன்றத்தின் அனுமதி வாங்கித்தான் விண்ணப்பிக்க முடியும். ஆன்சைட் வாய்ப்பு வரும் வாரத்தில் இதற்காக கோர்ட் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை ஐ.டி.க்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து சிங்கப்பூர் போய் அங்கே முறுக்கலாம் என்று நினைத்தால் அங்கேயும் சட்டவிரோத ரேஸுக்கு 12 மாதம் வரை சிறையும் 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் உண்டு. வண்டியே அரசுடைமையாகவும் வாய்ப்பிருக்கிறது.

சில நேரம் நீதிமன்றம் வேறு வழியும் எடுக்கிறது. 2022-ல் சென்னை அண்ணா சாலையில் வீலிங் செய்த ஹைதராபாத் இளைஞருக்கு முன்ஜாமீன் கொடுத்த நீதிபதி ஏ.டி.ஜெகதீஷ் சந்திரா, மூன்று வாரத்துக்குத் திங்கள்கிழமை சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும், மற்ற நாட்களில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் வார்டு உதவியாளராக வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அப்போ சென்னையில் மட்டும் ரோட்டில் ரேஸ் விட்டார்களே?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ரேஸ் நடந்தது. அதே பொதுச் சாலைதான். ஆனால் 189-ல் 'மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி' என்ற வார்த்தைகள் இருக்கின்றன அல்லவா? வித்தியாசம் அதில்தான். சாலை மூடப்பட்டது, தடுப்பு வைக்கப்பட்டது, உயர் நீதிமன்றம் வரை போய் நிபந்தனைகளோடு அனுமதி வந்தது.

கோவைக்கு இந்த வாதமே தேவையில்லை. குதிரைப் பந்தயம் நடந்த இடத்துக்கு இன்னமும் ரேஸ் கோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் ஊர் இது. கரிவரதன் ரேஸ் கார்களைக் கட்டிய ஊர். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவரான நரேன் கார்த்திகேயனின் ஊர். செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஆம்புலன்ஸ், மார்ஷல், ஹெல்மெட் பரிசோதனை என எல்லாம் வைத்துத்தான் அங்கே போட்டிகள் நடக்கின்றன. இலவசம் இல்லை, எல்லா வாரமும் பொதுமக்களுக்குத் திறப்பதும் இல்லை. ட்ராக் நேரத்துக்கு ஆகும் செலவு கல்லூரி மாணவனுக்கு அதிகம் என்ற குறை நியாயமானது. ஆனால் மேலே போட்ட கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எது விலை அதிகம் என்று தெரியும்.

மாட்டிவிட்டால் முதலில் என்ன செய்வது?

லைசென்ஸைப் பறிமுதல் செய்தால், அதிகாரி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கேட்டு வாங்க வேண்டும். லைசென்ஸ் திரும்ப வரும் வரை, அல்லது அதில் குறிப்பிட்ட தேதி வரை, அந்தச் சீட்டை வைத்து ஓட்டலாம். எந்தப் பிரிவில் வழக்கு என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்து போட வேண்டும். 189 மட்டுமா, 184-ம் இருக்கிறதா, 281-ல் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தது எல்லாம். ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்காமல் விடக் கூடாது, நேரில் விளக்கம் சொல்லும் உரிமை இருக்கிறது. உத்தரவு பாதகமாக வந்தால் அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசியச் சட்ட உதவி எண் 15100. போன் செய்யக் கட்டணம் கிடையாது.